முதலில் சான்றிதழ், பிறகு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் காலியிடம் எத்தனை, கட் ஆஃப் எவ்வளவு வரும், எந்தப் பாடத்தை முதலில் முடிப்பது என்பதே எங்கும் பேச்சு. விண்ணப்பப் படிவத்தை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. 'கடைசி வாரம் பிரவுசிங் சென்டரில் போட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்து படித்து, தரவரிசைக்குள்ளும் வந்துவிட்ட ஒருவர், ஒரு சாதிச் சான்றிதழாலோ, தமிழ்வழியில் படித்ததைக் காட்டும் தமிழ்வழிச் சான்றாலோ வேலையை இழப்பது இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கும் உங்கள் வாசகர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறோம்.

சிக்கலின் வேர் ஒன்றுதான். விண்ணப்பிக்கும் நாளில் தேர்வாணையம் நம்மிடம் பெரும்பாலும் கேட்பது விவரம். சான்றிதழைக் கேட்பது தேர்வு முடிவு வந்த பிறகு. சாதிச் சான்றிதழின் எண் என்ன, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, வழங்கிய அலுவலர் யார், எந்த வட்டம் என்று படிவம் கேட்கிறது. பத்தாம் வகுப்பின் பயிற்றுமொழி எது, தமிழ்வழி முன்னுரிமை கோருகிறீர்களா என்றும் கேட்கிறது. 'ஆம்' என்று தட்டிவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்த 'ஆம்' உண்மையா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. மாதங்கள் கழித்து, படிவத்தில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்கும்போதுதான் 'சான்றிதழ் இருக்கிறது, ஆனால் அதில் வேறு மாதிரி இருக்கிறது' என்று தெரியவரும். ஆகவே, கையில் இல்லாத சான்றிதழின் பெயரால் படிவத்தில் எதையும் கோராதீர்கள்.

முதல் குழப்பம் ஓடிஆர் எனப்படும் ஒருமுறைப் பதிவு. இதற்குக் கட்டணம் 150 ரூபாய். ஐந்து ஆண்டு செல்லும். இந்தப் பணத்தைக் கட்டியதும் தேர்வுக்கே விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓடிஆர் என்பது வாசல் மட்டுமே. ஒவ்வொரு அறிவிப்புக்கும் உள்ளே போய்த் தனியாக விண்ணப்பித்து, சலுகை இல்லாதவர்கள் தேர்வுக் கட்டணத்தையும் தனியாகக் கட்ட வேண்டும். குரூப் 4 தேர்வுக்கு அது 100 ரூபாய்.

ஓடிஆர் பதிவில் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுக்கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிறகு கடவுச்சொல்லை மாற்றப் போனால் ஓடிபி அவருக்குப் போகும். சான்றிதழ் பதிவேற்றச் சொல்லும் செய்தி குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வரும். ஆணையத்தின் இணையதளத்திலும் வெளியாகும். தபாலில் தனிக் கடிதம் வருமென்று காத்திருந்தால் நாள் கடந்துவிடும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப் பறிபோன எண்ணை ஓடிஆரில் வைத்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருப்பது ஆபத்து. எண் மாறினால் அன்றே ஓடிஆரிலும் மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'முருகன் க' என்றிருக்கும். ஆதாரில் 'க முருகன்'. பட்டச் சான்றிதழில் அப்பா பெயரை விரித்து 'முருகன் கருப்பையா'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறந்த தேதிக்கும் பெயருக்கும் பத்தாம் வகுப்புப் பட்டியலையே அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரை அதற்கு ஒத்துவரும்படி திருத்துவதுதான் எளிது. ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அதனால் போகிறபோக்கில் திருத்தாமல், பத்தாம் வகுப்புப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்துங்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்ட பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, திருமணமான பெண்கள். கணவர் பெயரைப் போட்டு வாங்கிய சாதிச் சான்றிதழ் செல்லாது. தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டு முகவரியில் புதிதாக வாங்கும்போது, இ-சேவை மையத்தில் விவரம் தட்டும் நேரத்திலேயே இந்தத் தவறு நுழைந்துவிடும். இரண்டாவது, பிரிவு. அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடு 2009 முதல் தனியாக உள்ளது. அந்தப் பிரிவுக்குரியவர் படிவத்தில் பொதுவாக 'எஸ்சி' என்று தேர்வு செய்துவிட்டால் தனக்குரிய இடத்தைத் தானே விட்டுக்கொடுத்ததாகிவிடும். பிற்படுத்தப்பட்டோரில் முஸ்லிம் பிரிவினருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூன்றாவது, வழங்கிய அலுவலர். பழங்குடியினருக்கான சான்றிதழை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர். வட்டாட்சியர் தந்தது போதாது. ஆதரவற்ற விதவைச் சான்றிதழும் அப்படியே. விதவை உதவித்தொகை வாங்கும் ஆணையையோ கணவரின் இறப்புச் சான்றிதழையோ அதற்கு மாற்றாகக் காட்ட முடியாது.

பழைய கையெழுத்துச் சான்றிதழ் வைத்திருந்து, பிறகு இணையவழிச் சான்றிதழும் வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் எந்த ஒன்றின் எண்ணையும் தேதியையும் படிவத்தில் போடுகிறார்களோ, பின்னர் அதையே பதிவேற்ற வேண்டும். படிவத்தில் ஒன்று, பதிவேற்றத்தில் இன்னொன்று என்றிருந்தால் கேள்வி எழும். மங்கிப்போன முத்திரையும் கிழிந்த ஓரமும் உள்ள பழைய சான்றிதழாக இருந்தால், அறிவிப்பு வருமுன்பே இ-சேவை வழியாகப் புதியதை வாங்கிவிடுவது நல்லது.

இப்போது தமிழ்வழிச் சான்றுக்கு வருகிறோம். அதிகம் பேர் இடறி விழுவது இங்கேதான். தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு, பதவிக்குரிய கல்வித்தகுதியை மட்டும் தமிழ்வழியில் படித்திருந்தால் போதாது; ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தகுதிவரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான பதவி என்றால் ஒன்று முதல் பத்துவரை. பட்டப்படிப்புத் தகுதிக்கான பதவி என்றால் பத்தாம் வகுப்புவரை, மேல்நிலை, பட்டம் என ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். தனித்தேர்வராக எழுதித் தேறியதையும், ஒரு படிப்பின் ஒரு பகுதியை மட்டும் தமிழ்வழியில் படித்ததையும் ஏற்பதில்லை.

ஊர்ப்புறப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்புவரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியிலும், எட்டுவரை நடுநிலைப்பள்ளியிலும், பிறகு பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளியிலும் படித்தவர்கள். அப்படியானால் மூன்று பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் 'ஒன்று முதல் பத்துவரை தமிழ்வழி' என்று நல்லெண்ணத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒன்று முதல் எட்டுவரையான பதிவேடு அவர் பள்ளியில் இல்லை. மாற்றுச் சான்றிதழில் 'பயிற்றுமொழி: தமிழ்' என்று இருக்கிறதே என்று அதையே பதிவேற்றுபவர்களும் உண்டு. ஆணையம் கேட்பது அதன் இணையதளத்தில் உள்ள குறிப்பிட்ட படிவத்தில் எழுதிய சான்றை. படிவத்தைப் பதிவிறக்கி, அச்செடுத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் பள்ளி வளாகத்தை விட்டு வெளியே வரும் முன்பே நின்று படித்துப் பாருங்கள். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை, எந்தக் கல்வியாண்டிலிருந்து எந்தக் கல்வியாண்டுவரை என்ற வரியில் இடைவெளி இருக்கிறதா? தொடக்கப்பள்ளிச் சான்று 2008-09 கல்வியாண்டில் முடிந்து, அடுத்த பள்ளிச் சான்று 2010-11-இல் தொடங்கினால் நடுவில் ஓராண்டு எங்கே போனது என்ற கேள்வி வரும். ஒரு வகுப்பில் இரண்டு ஆண்டு படித்திருந்தால் அதுவும் ஆண்டுக் கணக்கில் சரியாகத் தெரிய வேண்டும். கையெழுத்துக்குக் கீழே தேதி, பதவி முத்திரை, பள்ளி முத்திரை மூன்றும் இருக்கின்றனவா? தேதி இல்லாத சான்று மிக அதிகமாகக் கண்ணில் படுகிறது. தலைமையாசிரியருக்கு வேண்டியது ஒரு நொடி; அதற்காக நீங்கள் மறுபடியும் ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டியிருக்கும். பள்ளி மூடப்பட்டிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரையோ முதன்மைக் கல்வி அலுவலரையோ அணுகலாம்.

இதில் காலமும் ஒரு முக்கியமான சிக்கல். 2025 குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25-இல் வந்தது, 3,935 காலியிடங்கள், விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24. அந்த ஒரு மாதமும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. தலைமையாசிரியரைத் தேடி வீட்டுக்குப் போனாலும் பதிவேடு பள்ளி அலமாரிக்குள் பூட்டிக்கிடக்கும். சான்று இல்லாமலேயே 'ஆம்' என்று தட்டிவிட்டு, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிறகு போய்க் கேட்கும்போது 'உன் பெயர் ஆங்கிலவழிப் பிரிவில் இருக்கிறதே' என்று பதிவேடு சொன்னால், எழுதிய தேர்வே வீணாகிவிடும். அறிவிப்புக்குக் காத்திராமல் பள்ளி வேலைநாளில் போய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய சான்று இது.

கல்வித்தகுதியில் கவனிக்க வேண்டியது தேதி. அறிவிப்பு வெளியான நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும். பட்டதாரிகளில் பலர், படிவம் கேட்கும் இடத்தில் பட்டமளிப்பு விழாத் தேதியைப் போட்டுவிடுகிறார்கள். தேர்ச்சி பெற்றது அறிவிப்புக்கு முன்பு, விழா நடந்தது அறிவிப்புக்குப் பின்பு என்றால், தகுதி இல்லை என்று தாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தற்காலிகச் சான்றிதழின் தேதியும் அறிவிப்புக்குப் பிந்தியதாக இருந்தால், தேர்வு முடிவு எந்த நாளில் வெளியானது என்பதற்குக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஆதாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள், பட்டப்படிப்புத் தகுதிக்கான பதவிக்கு விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். பாடத்தின் பெயர் வேறாக இருந்து 'இணையானது' என்று கோருபவர்களுக்கு அதற்கான அரசாணை வேண்டும்; கல்லூரி முதல்வரின் கடிதம் போதாது.

வயதுக்கும் கல்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. குரூப் 4-இல் பெரும்பாலான பதவிகளுக்கு, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடிப் பிரிவினர் பத்தாம் வகுப்பைவிடக் கூடுதல் தகுதி பெற்றிருந்தால் உச்ச வயது வரம்பு இல்லை. நாற்பது வயதில் விண்ணப்பிக்கும் ஒருவர், 'பத்தாம் வகுப்புதானே தகுதி' என்று பன்னிரண்டாம் வகுப்பு விவரத்தைப் படிவத்தில் சேர்க்காமல் விட்டால், வயதுச் சலுகைக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடும். தட்டச்சர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டின் சான்றிதழ்களிலும் எது ஹையர் (முதுநிலை), எது லோயர் (இளநிலை) என்பதைப் பார்த்துப் போடுங்கள்.

கட்டணச் சலுகையில் அவசரம் வேண்டாம். பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை இலவசம். முன்னாள் படைவீரர்களுக்கு இரண்டு முறை. முன்பு எந்தெந்தத் தேர்வில் இலவச வாய்ப்பைப் பயன்படுத்தினோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்காதவர்கள் நான்காவது முறையும் 'இலவசம்' என்று தட்டுகிறார்கள். நூறு ரூபாய்க்காக விண்ணப்பமே நிராகரிக்கப்படும் நிலைக்குப் போகலாமா? சந்தேகம் வந்தால் பணத்தைக் கட்டிவிடுங்கள். பணம் வங்கியிலிருந்து போய்விட்டு, ஆணையத்தின் பக்கத்தில் 'நிலுவை' என்றே காட்டினால் விண்ணப்பம் முடியவில்லை என்றே பொருள். கடைசி நாள் இரவில் இது நேர்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்தால், மறுபடி முயல நேரம் இருக்கும்.

புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி, இரண்டும் ஜேபிஜி வடிவில். புகைப்படத்தின் அடியில் பெயரும் எடுத்த தேதியும் இருக்கட்டும். கையொப்பத்தைக் கோடு போட்ட நோட்டுத்தாளில் போட்டுக் கைபேசியில் படமெடுக்காதீர்கள். வெள்ளைத்தாளில் கறுப்பு அல்லது நீல மையில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். கையொப்பமும் புகைப்படமும் இடம் மாறிப் பதிவேறியிருக்கும் விண்ணப்பங்களும் உண்டு. அச்சுப்பிரதியைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

விண்ணப்பத் தேதி முடிந்ததும் திருத்தம் செய்ய மூன்று நாள் தருகிறார்கள். 2025 குரூப் 4-க்கு அது மே 29 முதல் 31 வரை. இந்த மூன்று நாளை விடுமுறை போலக் கடத்திவிடாதீர்கள். அச்சுப்பிரதியை ஒரு பக்கமும் அசல் சான்றிதழ்களை மறுபக்கமும் வைத்து, வீட்டில் இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பாருங்கள். ஓடிஆரில் மட்டும் திருத்திவிட்டு நிற்காமல், விண்ணப்பத்துக்குள்ளும் போய் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசிவரை சென்று சமர்ப்பித்து, புதிய பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்று நாளுக்குப் பிறகு புதிய கோரிக்கை எதையும் ஏற்கமாட்டார்கள்.

பதிவேற்ற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசலையே ஸ்கேன் செய்யுங்கள், ஜெராக்ஸை அல்ல. அட்டை வடிவச் சாதிச் சான்றிதழுக்குப் பின்பக்கமும் உண்டு. இரண்டையும் ஒரே பிடிஎஃப் கோப்பில் சேர்க்க வேண்டும். கோப்பின் அளவைக் குறைக்கக் கைபேசிச் செயலியில் மூன்று முறை அழுத்திச் சுருக்கினால், திரையில் சிறிதாகப் பார்க்கும்போது தெளிவாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் வட்டாட்சியர் முத்திரை ஒரு நீலக் கறையாகவும், சான்றிதழ் எண்ணில் 3, 8 இரண்டும் ஒன்றாகவும் இருக்கும். ஸ்கேனரில் தெளிவின் அளவை 200 டிபிஐ என்று வைத்து ஒருமுறை எடுத்து, ஒரே முறை சுருக்கி, கணினித் திரையில் இருமடங்காகப் பெரிதாக்கி முத்திரையைப் படித்துப் பார்த்தபின் ஏற்றுங்கள். எந்தச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே அரசுப் பணியிலோ அரசு சார்ந்த நிறுவனத்திலோ இருப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே துறையின் தடையின்மைச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள், கோப்பு நகர நாளாகும். நன்னடத்தைச் சான்றை அறிவிப்புத் தேதிக்குப் பிறகு வாங்க வேண்டும். பழையதைச் சேர்த்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஐயம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காமல், ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 419 0958-ஐ அழையுங்கள்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. கடைசி நாளில் வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது அவர்களால் இவ்வளவுதான் முடியும். ஆனால் திரையில் 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தும் கை விண்ணப்பதாரருடையதாக இருக்கட்டும். அதற்கு முன் முழுப் பக்கத்தையும் அவரே படிக்கட்டும்.

தேர்வாணையத்துக்கு ஒரு வேண்டுகோள். 'தமிழ்வழி: ஆம்' என்று தட்டும் இடத்திலேயே, எத்தனை பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டு, அத்தனை சான்றுகளின் தேதியையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்படி செய்யலாம். பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒன்று. குரூப் 4 அறிவிப்பு கோடை விடுமுறையில் வருமானால், அந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒவ்வொரு ஒன்றியத்திலும் பதிவேடுகளைப் பார்த்துச் சான்று வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும், அறிவிப்பு வரும் நாளில் தமிழ்வழிச் சான்றின் மாதிரிப் படிவத்தை அரைப்பக்கத்தில் அப்படியே அச்சிட்டால், பிரிண்டர் இல்லாத ஊரில் இருப்பவர்கள் அதைப் பார்த்தே தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வு எழுதுவோருக்கு விண்ணப்ப உதவி செய்யும் தன்னார்வலர்கள்,
விழுப்புரம் மாவட்டம்